மனு கொடுத்தவர் யாரென்று குவாரிக்கு எப்படித் தெரிகிறது?

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே வெங்களூரைச் சேர்ந்த ஜகபர் அலி, ஜும்ஆ தொழுகையை முடித்துவிட்டு இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் லாரி ஒன்று மோதியது; அவர் மரணமடைந்தார். அதிமுகவைச் சேர்ந்தவர், முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். துளையானூர் பகுதியில் அனுமதியை மீறிக் கல் வெட்டப்படுகிறது என்று அதிகாரிகளுக்கு மனு மேல் மனு கொடுத்துவந்தவர். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்குவானாக.

முதலில் அது விபத்தாகவே பார்க்கப்பட்டது. மனைவி புகார் கொடுத்த பிறகுதான் கொலை வழக்கானது. குவாரி நடத்தியவர்கள், லாரி உரிமையாளர், ஓட்டுநர் உட்பட ஐந்து பேர் கைதானார்கள். சில நாட்களில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. திருமயம் காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வட்டாட்சியர் இடமாற்றப்பட்டார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அதனால் குற்றம் சாட்டப்பட்ட யாருடைய பெயரையும் நாம் இங்கே எழுதவில்லை.

இந்தச் செய்தியை அப்போது எல்லோரும் படித்தோம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம், துஆ செய்தோம், மறந்தும் போனோம். ஆனால் அதற்குள் நம் ஜமாஅத்துகள் புரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. பொதுக் காரியத்துக்காக மனு கொடுக்கும் ஒருவர் எந்த இடத்தில் தனியாக விடப்படுகிறார்? சட்டம் அவரை எங்கே கைவிடுகிறது? இந்த இரண்டையும் விளக்கவே இதை எழுதுகிறோம்.

விபத்துக்கும் கொலைக்கும் நடுவில் இருப்பது ஒரு பிரிவு எண்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவு, அதாவது அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்று பதிவானால் அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறை. 103வது பிரிவு என்றால் ஆயுள் அல்லது மரண தண்டனை. ஆனால் தண்டனையைவிடப் பெரிய வித்தியாசம் முதல் நாள் நடக்கும் வேலையில் இருக்கிறது. விபத்து என்றால் சாலையில் டயர் தடத்தை அளப்பார்கள், வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டுவார்கள், பிரேதப் பரிசோதனையை வழக்கமான முறையில் முடித்து உடலைக் கொடுத்துவிடுவார்கள். கொலை என்றால் லாரி அங்கே எவ்வளவு நேரம் நின்றது, யார் யாருக்குப் போன் போனது, வழியிலுள்ள கண்காணிப்புக் கேமராக்களில் என்ன பதிவாகியிருக்கிறது, உடலில் எத்தனை முறிவுகள், எந்தத் திசையிலிருந்து என்று தேட வேண்டும். முதல் நாள் தேடாதது பிறகு கிடைப்பது அரிது. எந்த மரணத்திலும் முதல் தகவல் அறிக்கை எந்தப் பிரிவில் பதிவாகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வீட்டாரின் உரிமை. துக்கத்தில் இருக்கும் வீட்டாரால் அது முடியாது என்பதால்தான் ஜமாஅத் என்று ஒன்று வைத்திருக்கிறோம்.

லாரியை ஆயுதம் என்று சொல்ல முடியுமா என்று ஒரு இளைஞர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. நம் ஃபிக்ஹ் நூல்களில் இந்த விவாதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. கொலையை வேண்டுமென்றே செய்தது, வேண்டுமென்றே செய்ததற்கு ஒப்பானது, தவறுதலாக நிகழ்ந்தது என்று இமாம்கள் பிரித்தார்கள். வாள், ஈட்டி போன்ற கூரிய ஆயுதமில்லாமல் கனமான பொருளால் அடித்துக் கொன்றால் அது இரண்டாவது வகை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்) இதில் தம் ஆசிரியரோடு உடன்படவில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்ட மற்ற இமாம்களும், பொதுவாக உயிரைப் பறிக்கக்கூடிய எதனால் வேண்டுமென்றே அடித்தாலும் அது முழுமையான கொலையே என்றார்கள். அவர்களுக்கு ஆதாரம் மதீனாவில் நடந்த ஒரு வழக்கு. ஒரு சிறுமியின் தலையை ஒருவன் இரண்டு கற்களுக்கு நடுவே வைத்து நசுக்கிவிட்டான். உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த அவளிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு பெயர் வந்தபோது தலையசைத்தாள். அந்த அசைவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அவனை அழைத்து விசாரித்து, அவன் ஒப்புக்கொண்ட பிறகே நபி (ஸல்) அவர்கள் தண்டனை கொடுத்தார்கள். கல்லும் ஆயுதம்தான் என்பது அந்த ஹதீஸிலிருந்து கிடைக்கும் ஒரு சட்டம். சந்தேகத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே விசாரணை வேண்டும் என்பது இன்னொன்று.

இந்த வழக்கில் நம் மக்களை மிகவும் கலங்கவைத்தது கப்ரு தோண்டப்பட்டதுதான். பிரேதப் பரிசோதனையின்போது எக்ஸ்ரே எடுக்கப்படவில்லை என்பது பிரச்சினையானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி ஜனவரி இறுதியில், அடக்கப்பட்ட உடல் வெளியே எடுக்கப்பட்டு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. இது கூடுமா என்று பல ஊர்களிலிருந்து ஆலிம்களிடம் கேள்விகள் வந்தன. தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. மய்யித்தை அடக்கிய பிறகு காரணமின்றிக் கப்ரைத் திறப்பது ஹராம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் அதே நூல்களில் விதிவிலக்குகளும் இருக்கின்றன. பிறருக்குச் சொந்தமான நிலத்தில் அனுமதியின்றி அடக்கிவிட்டால், பிறருடைய விலைமதிப்புள்ள பொருள் உள்ளே விழுந்துவிட்டால் கப்ரைத் திறக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதரின் பொருளுக்காகத் திறக்கலாம் என்றால், ஒரு மனிதரின் இரத்தத்துக்கு நியாயம் கிடைப்பதற்காகத் திறப்பது அதைவிட முன்னுரிமை பெறும். மக்காவிலுள்ள ராபித்தாவின் ஃபிக்ஹ் கவுன்சில் 1987ல் பிரேதப் பரிசோதனை பற்றி ஆராய்ந்தபோது, குற்ற வழக்கில் மரணத்தின் காரணத்தை அறிய வேறு வழியில்லை என்றால் அது கூடும் என்றே முடிவெடுத்தது. எனவே அந்தக் குடும்பத்தின் மீது யாரும் குறை சொல்ல இடமில்லை. குறை சொல்ல வேண்டுமானால், முதல் தடவையிலேயே எக்ஸ்ரே எடுத்திருந்தால் இரண்டாம் தடவை தேவைப்பட்டிருக்காது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

இனி குவாரிக்கு வருவோம். புதுக்கோட்டை பாறை மாவட்டம். சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நார்த்தாமலையும் திருமயம் கோட்டையும் பாறையின் மேலேதான் இருக்கின்றன. பாறை இருக்கும் இடத்தில் கிரஷர் இருக்கும். வீடு கட்டவும் சாலை போடவும் ஜல்லி வேண்டும், எம்-சாண்ட் வேண்டும். குவாரியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சட்டப்படி குவாரி நடத்த ஒருவர் எத்தனை படிகள் ஏற வேண்டும் என்று பார்த்தால், சட்டவிரோதக் குவாரி எப்படி நடக்கிறது என்பதும் புரியும்.

1957ஆம் ஆண்டின் கனிமங்கள் சட்டமும், 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளும்தான் அடிப்படை. குறிப்பிட்ட சர்வே எண்ணில், குறிப்பிட்ட எல்லைக்குள், குறிப்பிட்ட ஆழம் வரை, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு என்று குத்தகை தரப்படும். குடியிருப்புகளிலிருந்து 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 2012ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 5 ஹெக்டேருக்குக் குறைவான சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். வெட்டியெடுக்கும் கல்லுக்கு அரசுக்குப் பணம் கட்டி நடைச்சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் லாரி வெளியே வரக்கூடாது.

மீறல் எங்கே நடக்கும்? பெரும்பாலும் உரிமமே இல்லாத இடத்தில் அல்ல. உரிமம் இருக்கும் இடத்தின் பக்கத்தில்தான். குத்தகை நிலத்தின் எல்லைக் கல்லைத் தாண்டிப் புறம்போக்கில் வெட்டுவார்கள், ஆழத்தைத் தாண்டுவார்கள், காலம் முடிந்த பிறகும் ஓட்டுவார்கள், ஒரே சீட்டில் பல நடை போவார்கள். சென்னையிலிருக்கும் அதிகாரிக்கு இது தெரியாது. கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். ஆடு மேய்ப்பவருக்கும் டீக்கடைக்காரருக்கும் இரவில் தூக்கம் கலைந்து எழும் கைக்குழந்தையின் தாய்க்கும் தெரியும். அதனால்தான் இந்தக் குற்றத்தில் ஊர்க்காரரின் மனுவுக்கு இவ்வளவு மதிப்பு. அதனால்தான் ஊர்க்காரரின் மனுவுக்கு இவ்வளவு பகையும்.

நபி (ஸல்) அவர்களின் அவையில் நடந்த ஒரு கனிமக் குத்தகை விவகாரத்தை இங்கே நினைவுகூர வேண்டும். யமன் நாட்டின் மஃரிப் பகுதியிலிருந்து அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்ற தோழர் வந்து, அங்கிருந்த உப்புச் சுரங்கத்தைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டார். நபியவர்கள் ஒதுக்கித் தந்தார்கள். அவர் எழுந்து போனதும் அவையிலிருந்த ஒருவர், அது வற்றாத நீரூற்றைப் போல எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்துக்கொண்டிருப்பது என்ற விவரத்தை எடுத்துச் சொன்னார். நபியவர்கள் அந்த ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது பதிவாகியிருக்கிறது. பொதுச் செல்வத்தைத் தனியாருக்குத் தாரை வார்க்கக் கூடாது என்பதற்கு ஃபிக்ஹ் அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். நாம் வேறொன்றையும் கவனிக்கிறோம். அந்த அவையில் ஆட்சேபம் சொன்னவர் ஒரே ஒருவர். எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடமே சொன்னார். அங்கேயே முடிவு மாறியது. அவருடைய ஆட்சேபம் பத்து மேசைகளைத் தாண்டிப் போகவில்லை.

நம் நாட்டில் மனு எப்படிப் போகிறது? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மனுதாரர் வரிசையில் நின்று பெயர், தகப்பனார் பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாம் எழுதிய தாளைக் கொடுக்கிறார். அதற்கு ஓர் எண் விழுகிறது. ஆட்சியர் அதைச் சம்பந்தப்பட்ட துறைக்கும் கோட்டாட்சியருக்கும் அனுப்புகிறார். அங்கிருந்து வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி வருகிறது. விசாரித்து அறிக்கை தருக என்ற குறிப்போடு முழு மனுவும், அதே பெயரோடும் அதே செல்போன் எண்ணோடும் வருகிறது. மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்த மனு, பத்து நாளில் தன் ஊர்ச் சாவடிக்கே திரும்பிவிடுகிறது. எந்த அலுவலகம் கண்டும் காணாமல் இருக்கிறது என்று மனுவில் எழுதியிருந்தாரோ, அந்த அலுவலகத்துக்கே விசாரணை போவதும் உண்டு. விசாரணை என்றால் இரு தரப்பையும் அழைக்க வேண்டுமே. அப்போது எதிர்த்தரப்புக்கு மனுதாரர் யார் என்று தெரியாமல் எப்படி இருக்கும்? தலைப்பிலுள்ள கேள்விக்கு இதுதான் பதில். பல நேரங்களில் யாரும் இரகசியமாகக் காட்டிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. நடைமுறையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. லஞ்சம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே சொல்பவர்கள் இருந்தால் அது கூடுதல் அநியாயம்.

ஜகபர் அலி மறைவாக மனு கொடுத்தவர் அல்லர், வெளிப்படையாகப் போராடியவர். எனவே பெயர் வெளியானது மட்டுமே அவர் உயிரைப் பறித்தது என்று நாம் சொல்ல மாட்டோம். வெளிப்படையாகப் போராடும் ஒருவர் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் எதுவும் நடக்கவில்லை என்பதை எதிர்த்தரப்பு பார்த்துக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இன்னும் ஆபத்தானது. நடவடிக்கை எடுக்கப்படாத ஒவ்வொரு மனுவும், இவருக்குப் பின்னால் அரசு இல்லை என்ற செய்தியையும் எடுத்துக்கொண்டு போகிறது.

இது திருமயத்தில் மட்டும் நடந்ததும் அல்ல. 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் ஜெகநாதன் என்ற விவசாயி, அவர் புகார் சொன்ன கல் குவாரி மூடப்பட்டதைத் தொடர்ந்து வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். 2023 ஏப்ரல் 25ல் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த சில நாட்களில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே அந்த நிலை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த வழக்கில் ஐந்தே மாதத்தில் விசாரணை முடிந்து இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மனமிருந்தால் காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வேகம் வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஜகபர் அலி கொல்லப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2025 மார்ச் 18, ரமளான் மாதம். திருநெல்வேலி டவுனில் ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் ஜாகிர் உசேன் பிஜிலி, அதிகாலைத் தொழுகை முடித்துத் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே விவகாரம் வக்ஃப் நிலம். தம் உயிருக்கு ஆபத்து இருப்பதாக அவரே பேசிய காணொளி மரணத்துக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. காவல் துறையில் பணியாற்றியவர், சட்டம் தெரிந்தவர், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொன்னவர். அங்கும் காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பணியிடை நீக்கம் எப்போதும் ஜனாஸாவுக்குப் பிறகுதான் வருகிறது.

சட்டத்தில் பாதுகாப்பே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் மனுதாரர் வரைக்கும் அது எட்டவில்லை. 2018ல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுவதும் அதைச் சட்டம்போல் பின்பற்ற வேண்டும் என்றது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு. காவல் துறைத் தலைவர் உறுப்பினர். அரசு வழக்குத் தொடர்வுத் துறையின் தலைவர் உறுப்பினர் செயலர். சாட்சி விண்ணப்பித்தால் அச்சுறுத்தல் எந்த அளவு என்று ஆராய்ந்து வீட்டுக்குக் காவல், கேமரா, தேவைப்பட்டால் இடமாற்றம் வரை தரலாம். 2023ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 398வது பிரிவும் ஒவ்வொரு மாநிலமும் இப்படியொரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது.

ஓட்டை எங்கே? அந்தத் திட்டம் பெரும்பாலும் மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை கிடைக்கும் குற்றங்களின் சாட்சிகளுக்கானது. சட்டவிரோதக் கனிம வெட்டுக்கு 1957 சட்டத்தின் 21வது பிரிவில் அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு. ஆக, குவாரியைப் பற்றிப் புகார் சொல்பவர் உயிரோடு இருக்கும்வரை அந்தத் திட்டத்துக்குள் வருவது கடினம். அவர் கொல்லப்பட்டால் அவருடைய கொலைக்குச் சாட்சி சொல்பவர்கள் வருவார்கள்! 2014ல் நாடாளுமன்றம் இயற்றிய, முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமோ இயற்றியதோடு சரி. இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

சாட்சிகளைக் காப்பாற்றாவிட்டால் வழக்கு என்னவாகும் என்பதற்கு குஜராத் உதாரணம். கிர் காட்டையொட்டிய சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜெத்வா, 2010 ஜூலை 20ல் அகமதாபாத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணையில் 195 சாட்சிகளில் 105 பேர் பிறழ்ந்தார்கள். மறுவிசாரணை நடந்து, 2019ல் முன்னாள் எம்.பி. ஒருவர் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை; 2024ல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்துவிட்டது. நீதிமன்ற வாசலில் நடந்த கொலைக்கு இன்று குற்றவாளி இல்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவின் 282வது வசனம். கடன் பத்திரம் பற்றியது. எப்படி எழுத வேண்டும், யார் எழுத வேண்டும், எத்தனை சாட்சி என்று அடுக்கிக்கொண்டே போய், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக்கூடாது என்று கட்டளையிடுகிறது. சாதாரணக் கொடுக்கல் வாங்கலுக்கே சாட்சியின் பாதுகாப்பை அல்லாஹ் கடமையாக்கியிருக்கிறான். ஜும்ஆ பயான்களில் சாட்சி சொல்வதன் கடமையைப் பலமுறை பேசியிருக்கிறோம். சாட்சி சொன்னவரைக் காப்பாற்றும் கடமையை எத்தனை முறை பேசினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரசியலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. கொல்லப்பட்டவர் அதிமுக, ஆட்சியில் இருந்தது திமுக. எனவே கண்டன அறிக்கைகள் ஒரு பக்கத்திலிருந்தும் விளக்கங்கள் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தன. திருமயத்தின் சட்டமன்ற உறுப்பினரான எஸ். ரகுபதி அப்போது சட்டத்துறை அமைச்சர். அதே 2025 மே மாதம் அமைச்சரவை மாற்றத்தில் கனிமவளத்துறை அவரிடம் வந்தது. இதை யார் மீதும் குற்றமாக நாம் சொல்லவில்லை. கட்சி எதுவானாலும் குவாரி தொடர்ந்து நடக்கிறது என்பதை ஊரார் அறிவார்கள். ஒரு கட்சி ஆட்சியில் இருக்கும்போது இன்னொரு கட்சிக்காரர் கேட்கிறார். ஆட்சி மாறினால் கேட்பவரும் மாறுகிறார். தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போதும் கேட்பவர் எத்தனை பேர்?

சிபிசிஐடிக்கு மாற்றிவிட்டார்களே, இனி கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு இதே மாவட்டத்திலிருந்து ஓர் எச்சரிக்கை. 2022 டிசம்பர் இறுதியில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது தெரியவந்தது. சில வாரங்களில் வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. மரபணுப் பரிசோதனைகள் நடந்தன; உயர் நீதிமன்றம் ஒருநபர் ஆணையமும் அமைத்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு 2025 ஜனவரியில், அதாவது ஜகபர் அலி கொல்லப்பட்ட அதே மாதத்தில், குற்றப்பத்திரிகை வந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் பாதிக்கப்பட்ட அதே குடியிருப்புத் தரப்பினர். அம்மக்களும் விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் அதை ஏற்க மறுத்து சிபிஐ விசாரணை கேட்டார்கள். அந்த வழக்கின் உண்மை நீதிமன்றத்தில் முடிவாகட்டும். நம்மைப் பொறுத்தவரை, மேல் அமைப்புக்கு மாற்றப்படுவது மட்டும் நம்பிக்கையைத் தந்துவிடாது. தாமதமே ஒரு தரப்பாகிவிடும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? மனு கொடுக்காமல் ஒதுங்கிக்கொள்வது வழியல்ல. அது குவாரிக்கு இன்னொரு உரிமம் கொடுப்பது போல. தனியாகக் கொடுக்காமல் இருப்பதுதான் வழி. நபித்துவத்துக்கு முன்பு மக்காவில் நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். யமனிலிருந்து வந்த வியாபாரியிடம் ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை. அவன் மக்காவின் பெரிய மனிதன். வியாபாரிக்கு அங்கே சொந்தமும் இல்லை, கோத்திரமும் இல்லை. அவர் குன்றின் மேல் ஏறிக் கூவினார். குறைஷிகளில் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநியாயம் செய்யப்பட்டவர் யாரானாலும் அவர் பக்கம் ஒன்றாக நிற்போம் என்று உறுதி எடுத்தார்கள். ஒன்றாகப் போய்ச் சரக்கை மீட்டுக் கொடுத்தார்கள். அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அப்படியொரு ஒப்பந்தத்துக்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்ற கருத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டில் கூடியவர்கள் எல்லோரும் ஒரே கொள்கைக்காரர்கள் அல்லர். குவாரித் தூசி பள்ளிவாசலில் மட்டும் விழுவதில்லை, கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் விழுகிறது. ஐம்பது வீட்டார், எல்லாச் சமூகத்தாரும் கையெழுத்திட்ட மனுவில் குறிவைக்க ஒற்றைப் பெயர் கிடையாது.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் குத்தகையின் எல்லை வரைபடத்தையும் நடைச்சீட்டுக் கணக்கையும் கேட்கும்போது வீட்டு முகவரி தரத் தேவையில்லை. தபால் பெட்டி எண் போதும் என்று 2013ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது. சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி மீறல்களை நேராக அங்கே கொண்டுபோகலாம். கனிமத் திருட்டுக்கு, கனிமச் சட்டம் இருந்தாலும் திருட்டு வழக்கும் காவல் துறை பதியலாம் என்று 2014ல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கு அதிகாரமில்லை என்று காவல் நிலையம் சொன்னால் இதைச் சொல்லலாம். மிரட்டல் வந்தால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வரக்கூடாது. எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்க வேண்டும். வழக்குப் பதியாவிட்டால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவர்.

இன்னொரு சங்கடமான விஷயம். பள்ளிவாசல் கட்டும்போது ஜல்லியும் மணலும் யாரிடமிருந்து நன்கொடையாக வருகிறது என்று கமிட்டி கேட்பதில்லை. ரசீதில்லாமல் வந்த பத்து லோடு, பிறகு ஒரு நாள் நம் வாயை மூடும். அனுமதியில்லாமல் வெட்டிய கல் பொதுச் சொத்திலிருந்து எடுத்த கல். அதை அல்லாஹ்வின் வீட்டுச் சுவரில் வைக்கலாமா என்று ஒரு முத்தவல்லி நம்மிடம் கேட்டால் பதில் சொல்ல நூல் புரட்ட வேண்டியதில்லை. நடைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள் என்பதே பதில்.

நம் ஜமாஅத் அலுவலகங்களில் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது, மய்யித்துப் பதிவேடு இருக்கிறது, சந்தாப் பதிவேடும் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு நோட்டு வைக்கலாம். நம் மஹல்லாவில் யார் எந்தப் பொதுக் காரியத்துக்கு, எந்தத் தேதியில், யாரிடம் மனு கொடுத்தார், எண் என்ன, மிரட்டல் வந்ததா, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவரோடு யார் வீடு வரை போகிறார்கள் என்று அதில் எழுதிவைக்க நூறு ரூபாய்கூட ஆகாது.